கைகளை உயர்த்துங்கள்

ஜனவரி 19, திங்கள்

அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் திருப்பத் தெரியாமல் நிலைக்கதவில் இரண்டு முறை இடித்தார்கள். மூன்றாவது முறை நானே வாங்கித் திருப்பினேன்.

லிஃப்ட் சர்வீஸில் எனக்கு ஒரு பழக்கம். என்ன கோளாறு, என்ன செய்தோம், எந்தத் தேதி, மூன்றையும் அன்றன்றே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவன் முதலிலிருந்து தேடுவான். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை. பிப்ரவரி இரண்டாம் தேதி நான் சென்னையில் வேலையில் இருக்க வேண்டும்.

நிலவரம்: மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை முழுதாகப் போய்விட்டது. வலது கால் பாதி. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. அவருக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் "ஐயா" என்ற ஒரே சொல்தான் வருகிறது. தண்ணீருக்கும் "ஐயா", கொசுவுக்கும் "ஐயா", பெற்ற மகனுக்கும் "ஐயா".

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பா பாக்கியநாதன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் இருபது வருஷமாகத் துதி நேரத்தை நடத்துபவர் அவர்தான். பதினோராம் தேதி ஞாயிறு ஆராதனையில், இரண்டு கையையும் உயர்த்தித் துதித்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேடையில் சரிந்தார். ஆவியானவர் இறங்கியதால் விழுந்துவிட்டார் என்று சபை நினைத்தது. பாட்டை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகக் கைதட்டினார்கள். யாரோ ஒரு சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினார்கள். மூன்று பாட்டு முடிந்து, நான்காவதற்குக் கீபோர்டுக்காரன் சுருதி மாற்றும்போதுதான் அம்மா போய்ச் சால்வையை விலக்கி, வாய் கோணியிருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"எவ்வளவு சீக்கிரம் வந்தீங்களோ அவ்வளவு மிச்சம்" என்றார் டாக்டர். மூன்று பாட்டு எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 21, புதன்

பெட்பேன் வைக்க வழி கண்டுபிடித்தேன். போர்வையை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே கொடுத்து, நம் பக்கம் இழுத்துப் புரட்ட வேண்டும். அம்மா அதற்குள் தலையணையை ஈரமாக்கிவிட்டாள். அழுதால் வேலை நடக்காது என்றேன். "ஒனக்கு கல்லுல நெஞ்சு" என்றாள்.

ஜனவரி 24, சனி

விடிகாலைக் குடும்ப ஜெபத்தில் அம்மா வழக்கம்போல அப்பா கட்டிய கோரஸைப் பாடினாள். அப்பா டெப்போவில் முதல் ஷிப்டுக்குக் காத்திருக்கும்போது கட்டிய பாட்டு. தலைவர் ஒரு அடி பாட வேண்டும். சபை கடைசி இரண்டு சொல்லை எதிரடியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சபை சொல்லும்வரை தலைவர் அடுத்த அடிக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் பாட்டு.

*காலை வெளுக்குமுன் ஸ்தோத்திரம் ஐயா,
கண்ணீர் காயுமுன் ஸ்தோத்திரம் ஐயா.*

இரண்டாம் அடியில் கட்டிலிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. அப்பா. முழு வார்த்தைகள். ஒரு எழுத்து குழறவில்லை. தண்ணீர் என்று சொல்லத் தெரியாத வாய், "ஸ்தோத்திரம்" என்று ஸ்-ஐயும் சேர்த்து அழுத்தமாகச் சொல்கிறது. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள். அரை மணி நேரத்தில் பாஸ்டர் ஆமோஸ் வந்துவிட்டார்.

"பாத்தீங்களா தம்பி? பேச்சைப் பிசாசு எடுத்துட்டான். துதியில கைவைக்க அவனால முடியல."

"பாஸ்டர், ஒரு லிஃப்ட்ல எல்லா பட்டனும் போய், நாலாவது மாடி பட்டன் மட்டும் வேலை செய்யுதுன்னு வைங்க. உள்ள மாட்டிக்கிட்டவன் அதையேதான் அமுக்குவான். அவனுக்கு நாலாவது மாடிக்குப் போக ஆசைன்னு அர்த்தமா?"

"ஏல கிதியோன், பாஸ்டர்ட்ட என்ன பேச்சு பேசுத?" என்றாள் அம்மா.

பாஸ்டர் கோபிக்கவில்லை. சிரித்தார். "வீடு நாலாவது மாடியிலதான்னு அவருக்குத் தெரியும்லா தம்பி."

பிப்ரவரி நடுவில் மூன்று மாலை துதிப் பெருவிழா இருக்கிறதாம். அப்பாவை மேடை ஏற்ற வேண்டுமாம். முடியாது என்றேன். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி "ஐயா, ஐயா" என்றார். அது சம்மதமா, அரிப்பா, யாருக்குத் தெரியும்?

ஜனவரி 27, செவ்வாய்

மறுவாழ்வு மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரிஸ்வானாவிடம் அப்பாவைப் பாட வைத்துக் காட்டினோம். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"மூளையில பேச்சு இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். அது உங்க அப்பாவுக்கு நல்லா இருக்கு. பழகின பாட்டு, ஜெபம், கெட்ட வார்த்தை, இதெல்லாம் இவங்களுக்குத் தப்பிச்சு வெளிய வரும்."

"கெட்ட வார்த்தை எங்க அப்பாவுக்குத் தெரியாது."

"அப்போ பாட்டுதான் நமக்கு வழி. அதே மெட்டுல அவருக்குத் தேவையான சொல்லை ஏத்துங்க. இடது கையில தாளம் தட்டணும். மெதுவா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெதுவான்னா உங்களுக்கு அர்த்தம் தெரியுமா?"

கரண்ட் ஓடுகிற கம்பி ஒன்று இருக்கிறது. அதில் வேறு கரண்ட் அனுப்ப வேண்டும். இது எனக்குப் புரிகிற வேலை. மேனேஜருக்குப் போன் போட்டு லீவைப் பத்து நாள் நீட்டினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அம்மா ஆராதனைக்குப் போயிருந்தாள். நான் மாற்றிய அடி: "தண்ணி வேணுமே, தண்ணி வேணும் ஐயா." கடைசி "ஐயா"வைக் கழற்ற நேற்றிலிருந்து முயன்றேன். கழலவில்லை. அது மெட்டோடு பற்றவைத்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், வேலை செய்தால் போதும்.

அப்பா என் முகத்தைப் பார்க்கிறார், வாயைத் திறக்கிறார், "காலை வெளுக்குமுன்" என்று பழைய அடிக்கே போய்விடுகிறார். இன்று முழுக்க அதேதான்.

பிப்ரவரி 4, புதன்

விடிந்ததிலிருந்து தண்ணீர் கொடுக்கவில்லை. டம்ளரைக் கண்ணுக்கு எட்டும்படி, கைக்கு எட்டாதபடி, ஜன்னல் கட்டையில் வைத்தேன். தாகம் எடுக்காமல் தண்ணீர் என்ற சொல்லைத் தேட யாருக்கும் அவசியம் இல்லை.

அம்மா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் வந்துவிட்டது. உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "தண்ணி வேணுமே..." நான் உடனே "தண்ணி..." என்று எடுத்துக் கொடுத்தேன். "தண்ணி வேணும் ஐயா!"

கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. அழுதார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவது சகஜம் என்று ரிஸ்வானா சொல்லியிருக்கிறார். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, திங்கள்

வேகம் பிடித்துவிட்டது. பசிக்குதே, குளிருதே, மூத்திரம் வருதே. எல்லாம் அதே மெட்டு, எல்லாவற்றுக்கும் வாலாக ஒரு ஐயா. கடைசி அடியைப் பாடும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். அம்மா எதிரடி சொல்ல மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். "சாமி பாட்டுல்ல மூத்திரத்த ஊத்துத."

"படுக்கையில ஊத்தினா நீதானே துவைக்கிற?" என்றேன்.

உடற்பயிற்சிக்குத் தங்கபாண்டி வருகிறார். தமாஷான ஆள், ஆனால் வலது தோளைத் தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றியிருக்கும் தசை செத்ததால், கையின் எடை எலும்பைக் குழியிலிருந்து கீழே இழுக்கிறதாம். "இந்தக் கைய எவனும் புடிச்சு இழுக்கக் கூடாது. சட்டை மாட்டும்போது கூட ஒசத்தப்படாது. எப்பவும் தூளியில கெடக்கணும்." துணித் தூளி ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார். அதற்காகவே இன்று புது அடி: "தோள் வலிக்குதே, வலிக்குது ஐயா." முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டார். உண்மையிலேயே வலிக்கிறது போல.

பிப்ரவரி 12, வியாழன்

அப்பா பெருவிழாவுக்குப் போகிறார். நான் ஒத்துக்கொண்டேன். அம்மா அழுததற்காக அல்ல. பாஸ்டர் மேடையில் அற்புதம் என்று சொல்வார். அதற்குப் பிறகு அப்பா "தண்ணி வேணுமே" என்று பாடுவார். அப்போது இது எப்படி நடக்கிறது என்று அத்தனை பேருக்கும் விளங்கும். பாஸ்டரிடம் இரண்டே நிபந்தனை போட்டேன். வலது கையைத் தொடக் கூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் கூடாது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே" என்றார். போனில் பின்னால் டிரம்ஸ் ஒத்திகை கேட்டது. எவ்வளவு காதில் விழுந்ததோ.

பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

வெள்ளைச் சட்டைக்கு மேல் தூளி அசிங்கமாக இருக்கிறது என்று அம்மா கழற்றியிருக்கிறாள். கையை மடியில் வைத்து மேலே துண்டு போட்டிருந்தாள். நான் கவனித்தேன். அரை மணி நேரம்தானே என்று விட்டேன்.

தகரக் கொட்டகை, வெளியே சாமியானாவரை கூட்டம். சவுண்ட் சரியில்லை, அப்பா குரல் கடைசிவரை கேட்க வேண்டும் என்று நான் பின்னால் மிக்சர் மேஜைக்குப் போய் நின்றுகொண்டேன். அப்பாவைச் சக்கர நாற்காலியில் மேடை ஏற்றினார்கள். நாற்காலிக்குப் பின்னால் சபை மூப்பர் செல்லையா. அப்பாவும் அவரும் ஒரே டெப்போ. அவர் கண்டக்டர், அப்பா டிரைவர். இருபது வருஷம் ஒரே பஸ். அப்பாவைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

அப்பா பாடினார். காலை வெளுக்குமுன். கொட்டகை மொத்தமும் "ஸ்தோத்திரம் ஐயா" என்றது. தகரம் அதிர்ந்தது. எனக்கே, சொல்லக் கூடாது, முதுகில் ஏதோ ஓடியது. நல்ல ஸ்பீக்கர்.

பாஸ்டர் மைக்கில் கத்தினார். "கைகளை உயர்த்துங்க! பரிசுத்தவான்களே, கைகளை உயர்த்துங்க!"

எல்லாக் கையும் எழுந்தது. அப்பா இடது கையைத் தூக்கினார். வலது கை துண்டுக்குக் கீழே கிடந்தது. செல்லையா மூப்பர் அதைப் பார்த்தார். குனிந்து, துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அப்பாவின் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, அழுதுகொண்டே, தன் முழு பலத்தோடு மேலே தூக்கினார்.

"ஐயா!" என்றார் அப்பா. மைக் அவர் வாய்க்கு நேரே இருந்தது. கூட்டம் "ஐயா!" என்றது.

நான் கத்தினேன். எல்லாரும்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் ஆட்கள் முழங்கால் போட்டிருந்தார்கள். தாண்டி ஓடப் பார்த்தேன். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து "ஆவியானவர் இறங்கட்டும் தம்பி, இறங்கட்டும்" என்றார். அப்போது ஸ்பீக்கரில் அப்பா பாட ஆரம்பித்தார். நான் பழக்கிய அடி. நான் பழக்கிய வேகம். ஒரு பிழை இல்லை.

"தோள் வலிக்குதே, வலிக்குது ஐயா."

சபைக்கு மெட்டு தெரியும். எங்கே எதிரடி சொல்ல வேண்டும் என்றும் தெரியும். ஆயிரம் பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: "வலிக்குது ஐயா!"

"தோள் வலிக்குதே, வலிக்குது ஐயா."

"வலிக்குது ஐயா!"

டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. பாஸ்டர் குரல் தழுதழுத்தது. "கேளுங்க ஜனங்களே! நம்ம பாவத்துக்காக ஆண்டவர் தோள்ல சுமந்த சிலுவையை இந்த ஊழியக்காரர் வாயில கேளுங்க!" பெண்கள் பக்கம் ஓவென்று அழுகை. செல்லையா மூப்பர் இன்னும் உயரத் தூக்கினார்.

என்னைக் கட்டிப்பிடித்தவரைத் தள்ளிவிட்டு மிக்சர் மேஜைக்குத் திரும்பி மெயின் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர்கள் செத்தன. எவனும் கவனிக்கவில்லை. மைக் இல்லாமலே பாடினார்கள். அது இன்னும் நன்றாகக் கேட்டது.

மேடைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அம்மா. அவள் செருப்பைக் கழற்றிச் செல்லையா மூப்பரின் கையில் அடித்தாள். அப்பாவின் வலது கை விழுந்த விதத்தைப் பார்த்ததும், தோள் கழன்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

சனி இரவே எக்ஸ்ரே எடுத்தார்கள். பந்து குழியை விட்டு முழுதாக வெளியே. மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. வராண்டாவில் செல்லையா மூப்பர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "அவன் ரெண்டு கையும் ஒசத்தித் துதிப்பான்லா தம்பி. ஒத்தக் கையோட பாக்க எனக்குத் தாங்கல." தாண்டி வந்தேன். மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

அப்பா வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் அடி இல்லை, பசி அடி இல்லை, "ஐயா"கூட இல்லை. விடிகாலையில் அம்மா கோரஸ் பாடினால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். புது அடைப்பு ஏதாவதா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லையாம். வாய் நன்றாக இருக்கிறது. அவர்தான் திறக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பாஸ்டர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிருங்க ஐயா. தம்பி சொன்னதை நான் சரியாக் கேக்கல." குரல் உண்மையாகத்தான் இருந்தது. அதோடு எழுந்து போயிருந்தால் விட்டிருப்பேன். வாசலில் என்னிடம் சொன்னார்: "ஆனா தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அந்தப் பாட்டுல நெறைய பேர் ஆண்டவருக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தாங்க. அது வீண் போகல."

"அது பாட்டு இல்ல பாஸ்டர். எங்க அப்பா உங்ககிட்ட கையை விடுங்கன்னு சொன்னார். நீங்க ஆயிரம் பேரும் அதைத் திருப்பிச் சொன்னீங்க."

அவர் முகம் வெளிறியது. எனக்கு நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மா ஆராதனையிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாள். முக்காடுகூட எடுக்கவில்லை.

"வாலிபப் பிள்ளைக அந்தப் பாட்டப் பாடுதுக கிதி. தோள் வலிக்குதேன்னு. கிட்டார் வச்சு. நல்லாத்தான் பாடுதுக."

பாஸ்டர் நிறுத்தச் சொன்னாராம். அவர்கள் ஏற்கெனவே போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்களாம்.

பிப்ரவரி 25, புதன்

அம்மாவிடம் சபையைப் பற்றிக் கத்தினேன். முட்டாள்கள், கொலைகாரர்கள், இன்னும் நிறைய. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா? அன்னைக்கு நான் மார்க்கெட் போயிருக்கையில ஜன்னல்ல டம்ளர வச்சியே, எதிர்வீட்டுக்காரி பாத்துட்டு எங்கிட்ட சொன்னா."

"அது பயிற்சிம்மா. அதாலதான் பேச்சே வந்துச்சு."

"ஆமா, வந்துச்சு. அவுக கையப் புடிச்சு இழுத்தாக. நீ நாக்கப் புடிச்சு இழுத்த. அவுகளாவது அழுதுக்கிட்டே இழுத்தாக."

வெங்காயத்தைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று எழுத வந்தேன். எழுதாமல் விடுகிறேன்.

பிப்ரவரி 26, வியாழன்

கேட்காமலே தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

கட்டு அவிழ்த்தாயிற்று. தோள் இரும்பாக இறுகிவிட்டது. அக்குளுக்குள் கழுவ முடியவில்லை. புண் வந்துவிட்டது, நாற்றம். சுண்டுவிரல் அகலம்கூடக் கையை நகர்த்த முடியவில்லை. தங்கபாண்டி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நாள் தவறாம கொஞ்சங்கொஞ்சமா ஒசத்தி எடுக்கணும். எடுக்கலேன்னா இப்படியே ஒட்டிப் போயிரும், உள்ள அழுகும். எடுத்தா உயிர் போற வலி வரும். எந்த எடத்துல நிறுத்தணும்னு அவரு சொல்லணும். வாயே தொறக்காத ஆளு கைய நான் முறுக்க மாட்டேன் சார். மறுபடி கிழிஞ்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பாத்து..."

"பாதி முகந்தான் வேலை செய்யுது."

மார்ச் 10, செவ்வாய்

அம்மா கடைக்குப் போன நேரம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். டம்ளர் விஷயத்தைச் சொல்லி, அது தப்பு என்றேன். உங்கள் பாட்டில் மூத்திரத்தைச் சேர்த்ததும் தப்பு என்றேன். இனிமேல் நான் எதையும் பாடச் சொல்ல மாட்டேன், ஆனால் தங்கபாண்டிக்கு ஒரு சைகையாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் கை அழுகிவிடும் என்றேன். இந்த மாதிரி பேசி எனக்குப் பழக்கமில்லை. சர்வீஸ் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரிதான் வந்தது.

அப்பா கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 12, வியாழன்

மேனேஜர் போன். நீட்டிக்கொண்டே போன லீவு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் வரவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். சரி, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அக்குள் புண்ணுக்குப் புது மருந்து. பஞ்சைக் குச்சியில் சுற்றித்தான் உள்ளே விட முடிகிறது.

மார்ச் 14, சனி

விடிகாலையில் விழித்தேன். அப்பா உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. காதைக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். அது எனக்குச் சொல்வதல்ல என்று தோன்றியது. படுத்துக்கொண்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாஸ்டருக்குப் போகும்.

மார்ச் 17, செவ்வாய்

தங்கபாண்டி வந்தார். கால் பயிற்சி முடிந்து கிளம்பும்போது அப்பா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்தார். பிறகு, அதே கையால் தன் வலது கையைக் காட்டினார்.

"அய்யா, பண்ணலாம். எனக்கு ஆசைதான். ஆனா எங்க வலிக்குதுன்னு நீங்க சொல்லணும். சொன்ன ஒடனே விட்டுருவேன், எங்க ஆத்தா மேல சத்தியம். சொல்லுவீங்களா?"

அப்பா தலையசைத்தார்.

நான் அவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, தலைமாட்டில் நின்று இடது தோளைப் பிடித்துக்கொண்டேன். தங்கபாண்டி வலது கையை ஒரு கையால் முழங்கைக்குக் கீழும் ஒரு கையால் தோளிலும் தாங்கி, நகர்த்த ஆரம்பித்தார். ஏதோ பழைய துணி கிழிகிற சத்தம் உள்ளே கேட்டது. சவ்வு பிரிகிறது, அப்படித்தான் கேட்கும் என்றார். அப்பா நெற்றியில் வேர்வை முளைத்தது.

"தோள் வலிக்குதே" என்று பாடினார் அப்பா. ஒரு மாதம் உபயோகிக்காத குரல். கரகரவென்று, ஆனால் சுருதியில். "வலிக்குது ஐயா."

தங்கபாண்டி உடனே நிறுத்தி, கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார். யாரும் எதிரடி சொல்லவில்லை. அப்பா தங்கபாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டு, அந்தச் சொல்லுக்குக் கையை விட்டது இதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு இது போதும்" என்றார் தங்கபாண்டி.

அப்பா இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தார். செத்த மீனைத் தூக்குகிற மாதிரி மடியிலிருந்து தூக்கித் தங்கபாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

தங்கபாண்டி என்னைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்தார். முதலில் நிறுத்திய இடம் வந்தது. அதைத் தாண்டியது. அப்பாவின் நல்ல காலின் விரல்கள் எல்லாம் சுருண்டுகொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

"காலை வெளுக்குமுன் ஸ்தோத்திரம் ஐயா."

தங்கபாண்டி பதறினார். "என்ன சார், வலியா? விட்டுரவா?"

வலி என்று சொல்ல அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் சொன்னார். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் இப்போது தெரியும். அந்தச் சொல் அங்கேயே வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"விடாதீங்க" என்றேன். "வலிதான். அவர் ஸ்தோத்திரம் பண்றார்."

தங்கபாண்டி உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். கிழிகிற சத்தம். அப்பா பாடவில்லை, கத்தவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டை அடியின் முடிவிலேயே நிறுத்தியிருந்தார். எனக்கு முதலில் புரியவில்லை. சபை சொல்லாமல் தலைவர் அடுத்த அடிக்குப் போகக் கூடாது. அம்மா வீட்டில் இல்லை. தங்கபாண்டிக்குப் பாட்டு தெரியாது.

"ஸ்தோத்திரம் ஐயா" என்றேன்.

சுருதி சேரவில்லை. சின்ன வயதிலிருந்தே சேராது. அந்த வலியிலும் அப்பா பாதி முகத்தை என் பக்கம் திருப்பி, அந்தப் பாதி முகத்தை எனக்காகச் சுளித்தார். பிறகு அடுத்த அடிக்குப் போனார்.